கோணலாகப் படு

நேராகப் படுத்தால் வாழைப்பழம்போல் வளைந்துவிடுவீர்கள்,
கோணலாகப் படுங்கள், அப்போதுதான் முதுகு நேராகும்
என்றான் கடைப் பையன்.
ஐம்பத்து மூன்று வயதுவரை
இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

அடுத்த மாதம் டெனிஸோடு
ஏரிக்கரைப் பாதையில் மூன்று இரவுகள்.
அதற்கு ஒத்திகை:
ஹான்காக்கில், எங்கள் வீட்டுப் பின்புல்வெளியில்,
மேப்பிளுக்கும் பைனுக்கும் நடுவே
பச்சை நைலானில் ஒரு தொங்கு படுக்கை,
ஆகஸ்டின் கடைசிச் சனிக்கிழமை.
கதவை உள்ளே தாழிட்டுவிடு என்றேன் ரெயினோவிடம்.
திறந்திருந்தால் வந்துவிடுவேன்,
என்னை எனக்குத் தெரியும்.

முதல் முறை உட்கார்ந்தேன்.
முடிச்சு மெல்ல மெல்ல வழுக்கி
மரியாதை தெரிந்த லிஃப்ட் போல
என்னைப் புல்லில் இறக்கிவிட்டது.
இரண்டாம் முறை மறுபக்கமாகக் கவிழ்ந்தேன்.
பக்கத்து வீட்டு பெலாஞ்சர் அம்மாள்
திரைச்சீலையை இவ்வளவு மெதுவாக மூடி
நான் பார்த்ததேயில்லை.

மூன்றாம் முறை, கோணலாக.
தலை இடது ஓரம், கால் வலது ஓரம்.
உடம்பு எங்கோ ஓரிடத்தில்
தட்டையாகி மூச்சுவிட்டது.
இருபத்தாறு வருடங்களாக
மெத்தையின் சன்னல் பக்க விளிம்பில்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் படுத்தவள் நான்.

மேப்பிளில் காற்று ஏறுவதைப்
பட்டைவார் வழியே முதுகுத்தண்டு முதலில் அறிந்தது,
இலைகள் பிறகுதான் சொல்லின.
ரகூன் ஒன்று குப்பைத்தொட்டியைத் தட்ட
பெலாஞ்சர் வீட்டு விளக்கு
தானாக எரிந்து, சற்று யோசித்து, தானாக அணைந்தது.

குளிர் மேலிருந்து வரும் என்று நினைத்திருந்தேன்.
கீழிருந்து வந்தது.
என் எடையே உறக்கப்பையின் பஞ்சை நசுக்க
இடுப்புக்கடியில் காற்று
மீன்கடை ஐஸாக ஒட்டிக்கொண்டது.
இரண்டு மணிக்கு இறங்கினேன்.
காரின் முன்கண்ணாடியில் வெயிலுக்கு வைக்கிற
வெள்ளி மடிப்புத் தட்டி நினைவுக்கு வந்தது.
வெறுங்காலோடு ஈரப்புல்லைக் கடந்து
சாவியை அமுக்கினேன்.
பீப் பீப் என்று கார்
தெருவுக்கே என்னைக் காட்டிக்கொடுத்தது.

அடுக்களை விளக்கு எரிந்தது.
கண்ணாடியில் மூக்கு படுமளவுக்கு வந்து
ரெயினோ என்னைத் தேடினான்.
இருட்டில் நிற்பவளுக்கு அது சன்னல்.
வெளிச்சத்தில் நிற்பவனுக்கு
முகம் பார்க்கும் கண்ணாடி.
காருக்குப் பின்னால் நான் திருடியாகக் குனிந்திருக்க
அவன் அவனையே பார்த்தான்,
காதோரம் குத்திட்டு நின்ற முடியைத் தடவிவிட்டான்.
பிறகு குளிர்பெட்டியைத் திறந்து
தொடவே கூடாதென்று டாக்டர் சொன்ன
திம்பிள்பெர்ரி ஜாமை
கரண்டியில்லாமல், விரலால், இரண்டு முறை,
கண்ணை மூடிக்கொண்டு.

சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.
எத்தனை இரவுகள் இவன்
தனியாக இப்படி
இனித்துக்கொண்டிருந்தானோ.

விளக்கு அணைந்தது.
கொஞ்ச நேரம் கழித்து
பின்கதவில் தாழ் விலகும் சத்தம்.
டக்.
அவ்வளவுதான். யாரும் வெளியே வரவில்லை.

நானும் உள்ளே போகவில்லை.
தட்டியை முதுகுக்கடியில் நுழைத்தேன்.
புரளும்போதெல்லாம் சிப்ஸ் பாக்கெட் பிரிகிற ஓசை.
இடுப்புக்குச் சூடு வந்தது,
கால் கட்டைவிரல்வரை வரவில்லை.
நாலரைக்கோ ஐந்துக்கோ தூங்கியிருக்கிறேன்,
விழித்தபோது புருவத்தில் பனி.

தூங்கினாயா என்றான் காலையில்.
தூங்கினேன், நீ?
நானும்தான் என்றான்.
ரொட்டியில் வெண்ணெய் மட்டும் தடவிக்கொண்டான்,
நல்ல பிள்ளையாக.

அன்றிரவு மெத்தையில்
தலையை என் மூலையிலும்
காலை அவன் மூலையிலும் வைத்து நீட்டினேன்.
விளிம்பில் தொங்கியபடி
என்ன இது என்றான்.

நேராகப் படுத்திருக்கிறேன் என்றேன்.